காட்டுக்குள் பழைய பங்களாவில் ஓர் இரவு: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு பெரம்பூரில், தண்டவாளத்துக்குக் கல்லெறி தூரம். ராத்திரி ஒரு மணிக்குக் கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் லேசாக அதிரும். வீட்டில் ஒருவரும் புரண்டுகூடப் படுக்கமாட்டோம். அப்படித் தூங்கிப் பழகிய ஐந்து பேரும் பொள்ளாச்சிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் டாப்சிலிப்பில் ஒரு பழைய வன ஓய்வு விடுதியில் படுத்த முதல் ராத்திரி, பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. அவ்வளவு அமைதி எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டின் மேல் ஒரு குச்சி விழுந்தால் ஐந்து தலையும் தலையணையிலிருந்து எழும்பும்.

அதற்கப்புறம் மூன்று முறை போய் வந்துவிட்டோம். ராயபுரத்துச் சொந்தக்காரர்கள், ஆபீஸில் கூட வேலை செய்யும் வியாசர்பாடி நண்பர், மாடி வீட்டுக்காரர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதற்கு ஒரே முறையாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதலில் ஒன்று. காட்டு பங்களாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பகலுக்குத் திட்டம் போடுகிறார்கள். சஃபாரி எத்தனை மணிக்கு, யானை முகாம் எப்போது, அருவி உண்டா என்று. பகலை வனத்துறையே பார்த்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்குச் சோதனைச்சாவடி மூடியதிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை இருக்கிறதே, அந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் நம் பொறுப்பு. கடை கிடையாது, ஆட்டோ கிடையாது, மறந்து வைத்துவிட்டு வந்த மாத்திரைக்கு மெடிக்கல் ஷாப் கிடையாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கான ஏற்பாடுதான்.

படி 1: எந்த மாதிரி வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

வன ஓய்வு விடுதிகள் சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டு அதிகாரிகள் மாதக்கணக்கில் கேம்ப் போவார்கள். மரம் எண்ணுவது, வெட்டு வேலையைப் பார்ப்பது, வழக்கு விசாரிப்பது என்று வேலை இருக்கும். இரவு தங்கக் காட்டுக்குள் ஆங்காங்கே கட்டிய வீடுகள் இவை. ஆகவே அமைப்பும் அப்படித்தான் இருக்கும்: உயரமான மேடை, சுற்றி வராந்தா, கனமான சுவர், உயரத்தில் ஓட்டுக்கூரை, பின்னால் தனியாக ஒரு சமையல்கட்டு. குளிர்ப்பிரதேசம் என்றால் ஒரு கணப்பு. சில இடங்களில் சுற்றிலும் யானை தாண்டாதபடி அகழி வெட்டியிருப்பார்கள், அல்லது சோலார் மின்வேலி போட்டிருப்பார்கள்.

அறைச்சேவை, டிவி, ஏசி என்று எதிர்பார்த்துப் போனால் முதல் பத்து நிமிடத்திலேயே சண்டை வந்துவிடும். வெந்நீர் வேண்டுமென்றால் பின்கட்டில் விறகு வைத்துக் காய்ச்சிக் கொடுப்பார்கள், பக்கெட்டில் வரும். கரண்ட் இருக்கும், போகும்.

நான் டாப்சிலிப்பை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த இடம் அதுதான். ஆனைமலை புலிகள் காப்பகத்தில், உலாந்தி வனச்சரகத்தில் இருக்கிறது. அம்புலி இல்லம் என்ற பழைய விடுதி உட்பட அங்கே தங்குமிடங்கள் பல. இதே மாதிரி முதுமலையில் தெப்பக்காடு, கார்குடி, மசினகுடிப் பக்கமும், தெற்கே களக்காடு முண்டந்துறையில் முண்டந்துறையிலும் வனத்துறை விடுதிகள் உண்டு. இடம் மாறினாலும் இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி பொருந்தும்.

டாப்சிலிப் என்ற பேரே வேலையிலிருந்து வந்தது. வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விடுவார்கள். அந்த உச்சிதான் டாப், சறுக்கல்தான் ஸ்லிப். கப்பல் கட்டவும், அப்புறம் ரயில் தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டை போடவும் தேக்கு போய்க்கொண்டே இருந்தது. காடு மொட்டையாகிக்கொண்டு வந்தபோது ஹியூகோ உட் என்ற வன அதிகாரி வெட்டியதற்குப் பதில் நட்டார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பையிலிருந்து ஒரு தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். அங்கே யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். 1933இல் இறந்தார், கல்லறை அங்கேயே இருக்கிறது. கல்லில் லத்தீனில் பொறித்திருப்பதன் அர்த்தம்: என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பாருங்கள். சுற்றிலும் தேக்குதான். ரயில்வே குடியிருப்புகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் நின்றபோது வேறொரு கணக்கு ஓடியது. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியதே, அதற்கப்புறம் மரக்கட்டை மேல் போட்ட ஒவ்வொரு மைல் தண்டவாளமும் ஏதோ ஒரு காட்டைத் தலையணையாக வைத்துத்தான் படுத்திருக்கிறது.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காடு பச்சென்று இருக்கும், அட்டையும் இருக்கும். குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் முதல் பயணத்துக்கு இந்தக் காலம் வேண்டாம்.

பிப்ரவரிக்கு மேல் காட்டுத்தீ பயம். சருகு காய்ந்து கிடக்கும் மாதங்களில் வனத்துறை திடீரென்று அனுமதியை நிறுத்திவிடும், பதிவு செய்திருந்தாலும்தான். கோபப்படாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தீயில் சிக்கி இறந்தார்கள். போனவர்களில் பலர் நம் சென்னையிலிருந்து கிளம்பியவர்கள். அதிலிருந்து கெடுபிடி அதிகம், இருக்க வேண்டியதும்தான்.

மிச்சம் நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை. என் ஓட்டு ஜனவரிக்கு, பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு. பொங்கல் விடுமுறையிலேயே போகிறேன் என்பவர்கள் தி.நகருக்கே போகலாம், செலவு மிச்சம்.

ஒரு விதிவிலக்கு மின்மினி. கோடை மழை தூறும் ஏப்ரல் வாக்கில் உலாந்திக் காட்டில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதை 2022இல் பதிவு செய்து பேச்சானது. அந்தச் சமயத்தில் விடுதி திறந்திருந்தால் அது உங்கள் யோகம்.

படி 3: முதலில் விடுதி, அப்புறம் ரயில்

நம் பழக்கம் தலைகீழ். ரயில் டிக்கெட் கிடைத்துவிட்டால் பயணமே முடிவான மாதிரி. இங்கே அது செல்லாது. ரயில் டிக்கெட் அறுபது நாளுக்கு முன்னால் திறக்கும். விடுதி அறையோ விரல்விட்டு எண்ணக்கூடியது. விடுதி உறுதியான பிறகு ரயிலைப் பாருங்கள். இடம் இல்லையென்றால் தேதியை மாற்றுவது சுலபம். அறை இல்லாமல் பொள்ளாச்சியில் இறங்கினால் திரும்பித்தான் வர வேண்டும்.

விடுதியை வனத்துறையின் சொந்த இணையதளத்தில், புலிகள் காப்பகத்தின் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொண்டு பதிவு செய்யுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை நான் ஒரு ஏஜென்டை நம்பினேன். "காட்டு பங்களாதான் சார், கவலையே படாதீங்க" என்று முன்பணம் வாங்கினார். போய்ப் பார்த்தால் சோதனைச்சாவடிக்கு வெளியே தென்னந்தோப்பில் ஒரு தனியார் காட்டேஜ். சுவரில் பிளாஸ்டிக் புலி. பணம் திரும்பி வரவில்லை. அன்று டாப்சிலிப்பைப் பகலில் பார்த்துவிட்டு வந்தோம். இரவு தங்கியது அடுத்த வருடம்தான்.

பதிவு ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்றால் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது. வருகிற எல்லாருடைய ஆதார் நகலும், ரசீதில் யார் பெயரோ அவருடைய அசலும் கையில் இருக்கட்டும். கட்டணம் அவ்வப்போது மாறும், தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவு, வண்டி, சஃபாரி எல்லாம் தனித்தனிக் கட்டணம்.

நடக்க ஆசையிருந்தால் 2024 அக்டோபரில் வனத்துறை 40 நடைபாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தைப் பாருங்கள். வழிகாட்டியோடுதான் விடுவார்கள். தனியாக நடக்கலாமா என்று கேட்கவே வேண்டாம்.

படி 4: மூட்டை கட்டுவது

டார்ச்சில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் சொதப்புகிறார்கள். போன் டார்ச் போதும் என்பார்கள். போனில் சார்ஜ் தீர்ந்ததும் கும்மிருட்டு, கூடவே மணி தெரியாது. பாரிமுனைப் பக்கம் போகும்போது காசிச்செட்டித் தெருவில் தலையில் மாட்டுகிற டார்ச் ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள். கை இரண்டும் சும்மா இருக்கும், இரவில் பாத்ரூமுக்குப் போக இதைவிட நல்லது இல்லை. பென்சில் பேட்டரி போடும் வகை நல்லது. சார்ஜ் ஏற்றும் வகையென்றால் கிளம்புவதற்கு முதல் நாள் முழுதாக ஏற்றி, ஒரு ராத்திரி வீட்டிலேயே எரியவிட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். ஒரு டார்ச்சில் சிவப்பு ஜிலேட்டின் தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவையுங்கள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வெளிச்சம் கண்ணைக் கூசாது, இருட்டுக்குப் பழகிய பார்வையும் கெடாது.

போர்வை கொடுப்பார்கள். இருந்தாலும் எம்.சி. ரோட்டில் கிடைக்கும் சாதாரணப் பருத்திப் போர்வை ஆளுக்கொன்று கொண்டுபோனால் கம்பளிக்கு அடியில் விரித்துக்கொள்ளலாம். உடுப்பு விஷயத்தில் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, வெள்ளை வேண்டாம். மங்கலான பச்சை, காக்கி, பழுப்பு. முழுக்கை, முழு பேன்ட். செருப்பு அறைக்குள்ளே மட்டும். வெளியே ஷூ, அதுவும் பழையது.

மழைக்காலத்தில் போயே தீருவேன் என்பவர்களுக்கு: பேன்டுக்கு மேல் முழங்கால் வரை இழுத்துவிடும் துணி அட்டை சாக்ஸ், ஒரு பொட்டலம் கல்லுப்பு. கொஞ்சம் மூக்குப்பொடி இருந்தாலும் வேலை செய்யும். நம்மூரில் இன்னும் கிடைக்கிறது. அட்டை கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். நகத்தை அது ஒட்டியிருக்கும் இடத்துக்கு அடியில் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால் விட்ட பிறகும் ஒழுகும். பார்க்கத்தான் பயங்கரம், கழுவித் துணி கட்டினால் போதும்.

பிளாஸ்டிக்கைப் பற்றி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை என்பது நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்வதில்லை. சோதனைச்சாவடியில் கண்டுகொள்வார்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், பலகாரத்துக்கு டப்பா, மற்றதுக்கு மஞ்சப்பை. சிப்ஸ் பாக்கெட்டை வீட்டிலேயே பிரித்து டப்பாவில் கொட்டிவிடுங்கள். மது, ப்ளூடூத் ஸ்பீக்கர், ட்ரோன், பட்டாசு இவற்றைப் பட்டியலில் சேர்ப்பதே வெட்கம், ஆனாலும் என் மச்சான் ஒருவன் ஸ்பீக்கர் கொண்டுவந்தான். சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று.

மருந்து தனிப்பை. இது என் மாமியார் உபயம். முதல் முறை தங்கியபோது, பொள்ளாச்சியில் வாங்கிய ஒரு சீப்பு பூவன்பழத்தை மஞ்சப்பையில் போட்டு, கூடவே தன் மாத்திரை டப்பாவையும் போட்டு, வராந்தா ஆணியில் மாட்டினார்கள். முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு நாட்டுக்குரங்கு பையோடு ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பழத்தை உரித்து உரித்துத் தின்றுவிட்டு, டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, சத்தம் பிடிக்காமல் பள்ளத்தில் விசிறியது. நாங்கள் பழம் போனதற்குச் சிரித்துக்கொண்டிருந்தோம். "மாப்பிள்ளை, போனது பழம் இல்ல, என் ப்ரெஷர் மாத்திரை" என்றார்கள். மணி ஐந்தேமுக்கால். மறுநாள் பொள்ளாச்சிக்கு இறங்கும்வரை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே தினசரி மாத்திரை இரண்டு செட், இரண்டு வேறு பைகளில், இரண்டும் அறைக்குள். அத்துடன் ஓ.ஆர்.எஸ்., காய்ச்சல் மாத்திரை, பேன்டேஜ், கொசு மருந்து.

படி 5: போகிற நாளின் கணக்கு

பாலக்காடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் திண்டுக்கல், பழனி வழியாகக் காலையில் பொள்ளாச்சியிலேயே இறக்கிவிடும். இதில் இடம் கிடைக்காவிட்டால் கோவை வண்டி ஏதாவது பிடித்து, உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு பஸ், நாற்பது கிலோமீட்டர்.

பொள்ளாச்சியில் டிபனை முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், பால் பவுடர் எல்லாம் இங்கேயே. டாப்சிலிப்பில் கேன்டீன் உண்டு. ஆனால் அம்புலி இல்லம் மாதிரி வரவேற்பு மையத்திலிருந்து தள்ளியிருக்கும் விடுதியில் தங்கினால் இரவு எட்டு மணிக்கு அங்கே நடந்துபோய்ச் சாப்பிட முடியாது. சாமான் கொடுத்தால் சமைத்துத் தருவார்களா, இரவுச் சாப்பாடு கொண்டுவந்து தருவார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். எப்படியிருந்தாலும் அடுப்பே எரியாவிட்டால் சமாளிக்க ஒரு வேளைக்குப் புளிசாதமோ சப்பாத்தியோ கைவசம் இருக்கட்டும்.

பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் சுமார் 35 கிலோமீட்டர். ஆனைமலை தாண்டி, சேத்துமடை சாவடி, அப்புறம் காட்டுப்பாதை. அரசு பஸ் உண்டு, ஆனால் ஒன்றிரண்டுதான். டாக்சி பேசினால் மறுநாள் எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்வார் என்பதை அப்போதே பேசி முடியுங்கள், மேலே போன் கிடைக்காது. பைக்கில் வருகிறேன் என்பவர்களை விடுவதில்லை. காட்டுப்பாதையில் வண்டியை நிறுத்தி இறங்கக்கூடாது, குரங்குக்கு எதுவும் போடக்கூடாது.

மதியம் இரண்டு மணிக்குள் விடுதியில் இருப்பது மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். நாலரைக்கு வந்து சேர்ந்தால் சாமான் இறக்குவதற்குள் இருட்டிவிடும்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்: "நாளை மதியம் வரை போன் கிடைக்காது, பயப்படாதீங்க." எங்கள் அம்மாவிடம் சொல்லாமல் போய், அவர் அண்ணனை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் அனுப்பிவிட்டார்.

படி 6: வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சுற்று

உள்ளே போனதும் படுக்கையில் விழ வேண்டாம். முதலில் காவலாளியைப் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் மலசர், காடர் போன்ற பழங்குடி மக்கள். காட்டை நாம் தெருவைப் படிப்பது போலப் படிப்பவர்கள். கோழிகமுத்தி முகாமில் யானை பார்த்துக்கொள்பவர்களிலும் மலசர்கள் அதிகம். "ஏய், வாட்ச்மேன்" என்று கூப்பிடுகிற பழக்கத்தை சேத்துமடைக்குக் கீழேயே விட்டுவிடுங்கள். அண்ணா என்று கூப்பிட்டு, மூன்று கேள்வி கேளுங்கள்: ராத்திரி நீங்கள் எங்கே படுப்பீர்கள், ஏதாவது என்றால் எப்படிக் கூப்பிடுவது, இந்த வாரம் பக்கத்தில் என்ன நடமாட்டம்?

எங்களுக்கு வந்த பதில்: "ஒத்தக் கொம்பன் ஒண்ணு திரியுதுங்க. ஆறு மணிக்கு மேல இந்தப் படிய இறங்க வேண்டாமுங்க. அவ்வளவுதானுங்க." கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை. ஆறு மணிக்கு மேல் படி இறங்காதே: அந்த வீட்டின் சட்டம் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

அப்புறம் அறை. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், பாத்ரூம் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவுக்குக் கீழே இடைவெளி இருந்தால் பழைய துண்டை உருட்டி அடையுங்கள். ஜன்னல் கம்பியில் வலை கிழிந்திருந்தால் அந்த ஜன்னலை இப்போதே சாத்துங்கள். பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி வையுங்கள், மோட்டார் ராத்திரி ஓடாது. மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எங்கே என்று எல்லாருக்கும் தெரியட்டும். பழம், வெல்லம், உப்பு எதுவும் வராந்தாவில் இருக்கக்கூடாது. மனிதனுக்கு வாசனையே தெரியாத தூரத்திலிருந்து யானைக்குத் தெரியும். எச்சில் இலையை வெளியே வீசினால் காட்டுப்பன்றி வரும்.

படி 7: ஆறு முதல் ஆறு

இதற்காகத்தான் இவ்வளவும்.

வெளிச்சம் போகும்போது வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். போனை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை ஒன்றும் தெரியாது, சலிப்பாகத்தான் இருக்கும். குழந்தைகள் நெளிவார்கள். பொறுங்கள். அப்புறம் மரத்தின் உருவம் தனியாகப் பிரியும், அமாவாசைப் பக்கம் என்றால் வானம் கொட்டிக் கிடக்கும். எங்கள் மொட்டைமாடியில் நான் எண்ணிப் பார்த்தது பதினேழு நட்சத்திரம். இங்கே எண்ணுகிற எண்ணமே வராது.

சத்தங்களுக்கு வருகிறேன். ஜனவரியில் போனால் முதலில் உங்களை மிரட்டப்போவது மிருகம் இல்லை, தேக்கு இலை. விசிறி அளவு பெரியது, காய்ந்தால் அப்பளம். கிளையிலிருந்து கழன்றதும் நேராக விழாது. கீழ்க்கிளையில் தட்டும், நிற்கும், வழுக்கும், கடைசியில் சருகின் மேல் "சரக்" என்று உட்காரும். செருப்புப் போட்ட ஒருவர் ஒரே ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்ட மாதிரியே இருக்கும். சிறிது நேரம் கழித்து இன்னோர் அடி, வேறு பக்கத்திலிருந்து. என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, யாரோ வீட்டைச் சுத்துறாங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சொல்லவில்லை. காவலாளி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இலைங்க பாப்பா. மாசி வரைக்கும் இப்படித்தான் உதுந்துட்டே இருக்கும்."

அது புரிந்ததும் மற்றவை கேட்க ஆரம்பிக்கும். பலகையில் சுத்தியலால் விட்டுவிட்டுத் தட்டுவது போல வந்தால் அது பக்கிக் குருவி. முதல் முறை கேட்டபோது எனக்கு வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடைதான் ஞாபகம் வந்தது. நாய் குரைப்பது போல, ஆனால் ஒவ்வொரு குரைப்பாக இடைவெளி விட்டு வந்தால் கேளையாடு. அங்கே நாய் கிடையாது. கடமான் பழைய லாரி ஹாரன் மாதிரி "டாங்க்" என்று ஒரே குரல் கொடுக்கும். அது திரும்பத் திரும்ப ஒரே திசையிலிருந்து வந்தால், அந்தப் பக்கம் சிறுத்தையோ புலியோ நடக்கிறது என்று மானுக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு எதுவும் தெரியாது, காது மட்டும்தான். அதுவே போதும்.

யானை நடந்தால் சத்தமே கேட்காது, பாதம் மெத்தை. கிளை முறியும் "மடக்" சத்தமும், வயிற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தொனிக்கும் ஓர் உறுமலும்தான் அடையாளம். கேட்டால் டார்ச் அடிக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், கத்தாதீர்கள். எழுந்து, உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்து உட்காருங்கள். வீடியோ எடுத்து அனுப்ப யாருக்கும் சிக்னல் இல்லை.

சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். பாத்திரத்தை உள்ளே கழுவுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். ஐந்து பேர் இருக்கிறோம், கட்டில் மூன்றுதான், இரண்டு பேர் தரையில் பாய் போட்டுக்கொள்கிறோம் என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். காரணம் அடுத்த படியில்.

தூக்கம் வராதவர்களுக்கு நான் கண்டுபிடித்தது: பேட்டரியில் ஓடும் பழைய டைம்பீஸ் ஒன்றைத் தலைமாட்டில் வைப்பது. அந்த டிக் டிக் போதும். இரண்டாவது முறை தங்கியபோது எல்லாரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினோம்.

படி 8: ஏதாவது ஆகிவிட்டால்

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது என்பதால் கடித்ததே தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தானாக மூடுவது, விழுங்க முடியாமல் போவது என்று வந்தால் பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே நினைத்து ஓடுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல், காவலாளியைக் கூப்பிடுங்கள். வனத்துறையிடம் வயர்லெஸ் உண்டு. சிக்னல் உள்ள இடம் வந்ததும் 108. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில்தான் தேட வேண்டும், பொள்ளாச்சியில் இருக்கிறது. அந்த மருந்துக்கான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பவர்கள், 1978இல் தொடங்கிய நம்ம வடநெம்மேலி இருளர் கூட்டுறவுக்காரர்கள்.

கணப்பு உள்ள விடுதி என்றால், கரி மூட்டிய அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவை அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே முடித்துவிடும். கொடைக்கானலில் இப்படி இறந்தவர்கள் உண்டு. புகைபோக்கி உள்ள கணப்பில் விறகு, ஜன்னல் ஒரு விரற்கடை திறந்து, படுக்கும் முன் அணைத்து.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "காட்டுக்குப் போய்த் தங்கினேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் புண் இருக்கலாம், வலிக்காது. தெரிந்தால் எளிய மாத்திரையில் குணமாகும். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டால் ஆபத்து.

படி 9: காலையும் திரும்புவதும்

ஆறு மணிக்குக் கதவைத் திறந்ததும் படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்குங்கள். பனி விலகுவதற்குள் முற்றத்தில் புள்ளிமான் மேய்ந்துகொண்டிருக்கும். மேலே கருமந்தி, அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி. ரயில் எஞ்சின் நீராவி விடுவது போல இறக்கைச் சத்தம் முதலில் வரும், பறவை பின்னால் வரும்.

சஃபாரி, கோழிகமுத்தி இரண்டையும் வரவேற்பு மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கோழிகமுத்தியில் சின்னத்தம்பி என்ற யானை இருக்கிறான்: 2019இல் கோவை தடாகம் பகுதியில் பிடித்து இந்தக் காட்டில் விட்டபோது, இடம் பிடிக்கவில்லை என்று உடுமலை வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனவன்.

கிளம்பும்போது சமைத்துக் கொடுத்தவருக்கும் காவலாளிக்கும் கையில் ஏதாவது கொடுங்கள். மிஞ்சிய அரிசி, பருப்பு, எண்ணெயையும் அவர்களிடமே. எரியாத மெழுகுவர்த்தியைத் தீப்பெட்டியோடு மேசை டிராயரில் போட்டுவிட்டு வாருங்கள். எங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் அப்படி வைத்துவிட்டுப் போன அரை மெழுகுவர்த்தியில்தான் நாங்கள் முதல் ராத்திரி சாப்பிட்டோம்.

குப்பை மட்டும் உங்களோடு வர வேண்டும். டாப்சிலிப்பில் போடாதீர்கள், சேத்துமடையிலும் வேண்டாம். எங்கள் குப்பைப் பை பாலக்காடு எக்ஸ்பிரஸில் பெர்த்துக்கு அடியில் ஷூக்களோடு படுத்து, சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோவில் என் மாமியார் மடிமேல் உட்கார்ந்து பெரம்பூர் வந்தது. தெருமுனைத் தொட்டியில் போட்டேன்.